முசிறியில ஒரு கடல்: எத்தனை அடி தொட்டி வாங்கலாம்?

கடல் மீன் வளர்ப்பு பத்திப் பேசினாலே நிறைய பேர் கேக்கிற முதல் கேள்வி, "ப்ரோ, எத்தனை அடி தொட்டி வாங்கலாம்?" இன்னைக்கு அதை மட்டும் பேசுவோம்.

நான் இருக்கிறது முசிறி. வாசல்ல காவிரி, எதிர்க்கரையில குளித்தலை. ஆத்து மீனுக்குப் பஞ்சமே இல்லாத ஊர்ல, கடலையே வீட்டுக்குள்ள கொண்டு வரணும்னு ஆசைப்பட்டவன் நான். முதல்ல வாங்கினது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கிட்டத்தட்ட 57 லிட்டர். "சின்னதா ஆரம்பிப்போம், கத்துக்கிட்டு பெருசு பண்ணுவோம்"னு நினைச்சேன். நன்னீர் மீனுக்கு அது ஓரளவு சரி. கடல் தொட்டிக்கு அப்படியே தலைகீழ். சின்னத் தொட்டிதான் கஷ்டம்.

ஏன்னு சொல்றேன். கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால குறையுற தண்ணிக்குப் பதிலா நல்ல தண்ணிதான் ஊத்தணும். எனக்கு இது தெரியும். வீட்டுல யாருக்கும் நான் சொல்லல.

ஒரு ஏப்ரல்ல ஆபீஸ் வேலையா ஒரு வாரம் பெங்களூர் போயிட்டேன். வெயிலுக்காகத் தொட்டி மேல ஃபேன் ஓடிட்டு இருந்தது, தினமும் 2 லிட்டர் குறையும். போன்ல அம்மாகிட்ட, "கீழ கேன்ல தண்ணி இருக்கும்மா, கோடு வரைக்கும் ஊத்திடு"ன்னேன். கீழ ரெண்டு கேன். ஒண்ணு ஆர்ஓ தண்ணி, இன்னொண்ணு நான் கலந்து வச்ச உப்புத் தண்ணி. அம்மா பாவம், ஒரு நாள் கூடத் தவறாம ஊத்தியிருக்காங்க, உப்புத் தண்ணியை.

கணக்குப் போடுங்க. 7 நாள், 14 லிட்டர், 490 கிராம் கூடுதல் உப்பு. 35-ல இருந்தது 43-ஐத் தாண்டிடுச்சு. நான் வந்து பார்க்கும்போது ரெண்டு க்ளவுன் மீனும் அடியில கிடந்தது. "நான் தண்ணி ஊத்தினதாலயாடா?"ன்னு அம்மா கேட்டப்ப என்ன சொல்றதுன்னு தெரியல. தப்பு என்னோடது. கேன்ல ஒரு பேர் எழுதி ஒட்ட எனக்கு 1 நிமிஷம் கூட ஆகியிருக்காது.

அப்போ பெரிய தொட்டியா இருந்தா தப்பிச்சிருக்குமா? நானும் அப்படித்தான் நம்பினேன். 3 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடின்னா சுமார் 190 லிட்டர். கொள்ளளவு மூணு மடங்குக்கும் மேல. ஆனா மேற்பரப்பும் ரெண்டேகால் மடங்கு ஆகுது, ஆவியாகிறதும் அதே அளவு கூடும். அதே தப்பு நடந்திருந்தா உப்பு 40-ஐத் தாண்டியிருக்கும். கொஞ்சம் பரவாயில்ல, அவ்வளவுதான். இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு, தண்ணி குறைஞ்சா தானா நல்ல தண்ணி ஊத்துற ஆட்டோ டாப்-அப்.

பெரிய தொட்டி நிஜமா உதவுறது வேற ரெண்டு இடத்துல. ஒண்ணு, சூடு. மீன்களுக்கு 25-ல இருந்து 27 டிகிரி வேணும். நம்ம ஊர் மே மாசத்துல கரண்ட் போய் சில்லர் நின்னா, 57 லிட்டர் சீக்கிரம் சூடாகும், 190 லிட்டர் நிதானமா ஏறும். ரெண்டாவது, அம்மோனியா. ஒரு மீன் செத்து பாறைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா, அதே விஷம் மூணு மடங்கு தண்ணியில கலந்து நீர்த்துப் போகும். நமக்குக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

அப்ப 4 அடி, 2 அடி, 2 அடின்னு போயிடலாமா? அது 450 லிட்டர். தண்ணி மட்டுமே 460 கிலோ, மாடி வீடுன்னா இன்ஜினியரைக் கேக்காம வைக்காதீங்க. வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினா 45 லிட்டர் கலந்து தூக்கணும். 3 அடி தொட்டிக்கு 19 லிட்டர், அதாவது ஒரு வாட்டர் கேன். அதனாலதான் இப்ப என் வீட்டுல இருக்கிறது 3 அடி. வாங்க முடியுற அளவைப் பார்க்காதீங்க, சோம்பேறித்தனமான ஞாயித்துக்கிழமையில கூடப் பராமரிக்க முடியுற அளவைப் பாருங்க.

எந்த மீன்னும் முதல்லயே முடிவு பண்ணுங்க. ஒரு ஜோடி க்ளவுனுக்கு 3 அடி தாராளம். டோரி மாதிரி நீல டேங் வேணும்னா அது ஒரு அடி வரைக்கும் வளரும், 3 அடி அதுக்கு ஜெயில். க்ளவுனும் பண்ணையில பிறந்ததா கேட்டு வாங்குங்க. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வச்சு வளர்க்கிற முறையை உருவாக்கியிருக்கு, கடல்ல பிடிக்க வேண்டியதில்ல.

கடைசியா, பவளம். பாறை கட்டுற பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ல முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவோட 21 தீவுகளைச் சுத்தி இருக்கிற பவளத்தை உடைச்சு "லைவ் ராக்"னு யாராவது வித்தா வாங்காதீங்க. என் தொட்டியில இருக்கிறது செராமிக் பாறைதான். பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது, நாலஞ்சு வாரத்துல குடியேறிடும். அதுவரைக்கும் மீன் வேண்டாம்.

இப்ப ரெண்டு கேன்லயும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கு. ஒட்டினது அம்மா. நான் ஊருக்குப் போகும்போது உப்புத் தண்ணி கேனை அவங்களே எடுத்து உள்ள வச்சுப் பூட்டிடுறாங்க.

அடுத்த எபிசோடுல சில்லரும் கரண்ட் பில்லும். சந்திப்போம்.