குருதியும் குடியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே பாசிக்குடாவுக்குச் செல்லும் வழியில் ஏறாவூர், சந்திவெளி, வாழைச்சேனை என ஊர்கள் தொடர்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நிலம் அது. நகரிலோ போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரும் உள்ளனர். இவர் ஓரினம், அவர் வேறினம் என்று உலகோர் எளிதிற் கூறிவிடுவர். அவ்வேற்றுமை குருதியில் உள்ளதா, மனிதர் வகுத்த கணக்கில் உள்ளதா? இந்நிலத்தில் நிகழ்ந்த கலப்பு மணங்களை ஆராய்ந்தால் விடை புலனாகும்.

புளியந்தீவில் 1628 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில், 1638 இல், அது ஒல்லாந்தர் கைப்பட்டது. கோட்டை கைமாறினும் குடும்பங்கள் நிலைத்தன. கடல் கடந்து வந்த ஆடவர் இந்நாட்டுப் பெண்களை மணந்து பெற்ற மக்களின் வழியினரே மட்டக்களப்புப் பறங்கியர். தச்சுத் தொழிலிலும் கொல்லுத் தொழிலிலும் அவர்கள் பெயர் பெற்றவர்கள். அவர்தம் இல்லமொழியிற் சொற்கள் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ பெரிதும் தமிழை ஒத்தது.

பறங்கியர் யாவர் என்னும் வினா ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியில் எழுந்தபோது, நீதியரசர் ரிச்சட் ஒட்லி விளக்கம் தந்தார். தந்தைவழி ஐரோப்பியராயின், எத்தனை தலைமுறைத் தாய்மார் இந்நாட்டவராயினும், பிள்ளை பறங்கியரே என்பது அதன் சாரம். தந்தை இந்நாட்டவராயின் அப்பெயர் பொருந்தாது. கலந்த குருதி இரண்டிடத்தும் ஒன்றே. எண்ணும் முறையே இனத்தை மாற்றிற்று.

இதே வாவிக்கரையில் வேறொரு கணக்கும் உண்டு. திமிலரோடு முக்குவர் பொருத காலத்தில் முஸ்லிம்கள் துணைநின்றனர் என்றும், பின்னர் முக்குவப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர் என்றும் மரபுரை கூறும். பிள்ளைகள் தந்தையின் சமயத்தையும் தாயின் குடியையும் பெற்றனர் என்பது அதன் உட்கருத்து. கதை எவ்வாறாயினும், தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தாரிடமும் வழங்கிவருவது உண்மை. மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளித்து மருமகனை அவ்வீட்டிற்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இருசாரார்க்கும் பொது. ஒருவர் தந்தையைக் கொண்டும் மற்றொருவர் தாயைக் கொண்டும் எண்ணுவராயின், இனம் இயற்கை இட்ட முத்திரை என்பது எங்ஙனம் பொருந்தும்? மாந்தர் எவ்விருவரிடத்தும் மரபணுக்கள் நூற்றுக்கு 99.9 பங்கு ஒத்திருக்கின்றன என்று அறிவியலும் கூறுகின்றது.

ஆயினும், மணத்தாற் கலந்த மாத்திரத்தில் வெறுப்பு ஒழிந்துவிடும் என்று எண்ணுதலும் தவறாகும். கலப்பிற் பிறந்த சமூகத்தினுள்ளேயே வேலிகள் எழுந்தன. கொழும்பில் 1908 இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தந்தைவழி வம்சாவளியைக் கொண்டே உறுப்பினரைச் சேர்த்தது. தென்னாபிரிக்காவில் வெள்ளையரும் ஏனையோரும் மணத்தல் 1949 இற் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அத்தடை 1985 இலேயே நீங்கியது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் நிலவிய அத்தகைய தடைகளை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1967 இல் நீக்கியது.

இலங்கையின் 1907 ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் இனம் கடந்த மணத்தைத் தடுக்கவில்லை. இங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் வீட்டுப் படலையே. படலையில் தொடங்கும் வேற்றுமை எங்கே சென்று முடியும் என்பதை 1990 காட்டிற்று. அவ்வாண்டிற் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சத்துருக்கொண்டானிலே தமிழர் கொல்லப்பட்டனர். மரபுரையிற் சம்பந்திகளாய் விளங்கிய இரு சமூகங்களின் ஊர்கள் அவை.

இனம் கடந்து மணந்தோரின் குழந்தையை நோக்கி, "நீ எந்தப் பக்கம்?" என்று ஊரார் கேட்பதுண்டு. அக்குழந்தைக்குத் தாயின் வீடும் வீடே, தந்தையின் வீடும் வீடே. பக்கங்களை வகுத்தவர்கள் பெரியவர்கள். வகுத்த கணக்கைத் திருத்தும் கடமையும் அவர்களுடையதேயன்றோ? அதனை அவர்கள் தங்கள் வீட்டுப் படலையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.