விலையின்றி வந்த இசைப்பெட்டி

பள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் தயாராவதுண்டு. உடைந்த பெஞ்சுகள், கிழிந்த நிலப்படங்கள், துருவேறிய தராசுகள் ஆகியவற்றை வரிசையாக எழுதி, 'கழிவு செய்யத்தக்கவை' என்று தலைப்பிட்டுத் தலைமையாசிரியரின் கையொப்பத்துக்கு வைப்பார்கள். 2004ஆம் ஆண்டில் அத்தகைய பட்டியல் ஒன்றில் நான் கையொப்பமிட்டேன். அதன் பதினேழாவது வரியில், 'இசைத்தட்டுப் பெட்டி - ஒன்று - இயங்கவில்லை' என்றிருந்தது. இயற்பியல் ஆசிரியர் என் அறைக்கு வந்து, "ஒரு வாரம் தவணை கொடுங்கள், சார்; திறந்து பார்க்கிறேன்" என்று கேட்டார். தணிக்கை நெருங்கியிருந்தது. தவணை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டி எடைக்குப் போயிற்று.

மாணவர்களே, இன்று நான் பேச வந்தது வேறொரு பெட்டியைப் பற்றி. மூன்று ஆண்டுகளுக்கு முன், நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், வீட்டை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். மாடிப்படியின் அடியில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று கிடந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் அதைக் கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியார் தம்பி, உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். காசு ஒன்றும் வேண்டாம்" என்றார் அம்மையார். மூடியைத் திறந்தேன். சுழல்தட்டும், வளைந்த கையும், 16, 33, 45, 78 என்னும் நான்கு எண்கள் பொறித்த விசையும் இருந்தன. பதினேழாவது வரி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த எண்கள் யாவை என்று உங்களுள் சிலர் கேட்கலாம். சுழல்தட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன. அரக்குக் கலவையால் செய்த பழைய தட்டுகளுக்கு 78. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுநேரத் தட்டுக்கு 33 1/3. அதற்கு அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்த சிறிய தட்டுக்கு 45. பதினாறு என்பது பெரும்பாலும் பேச்சுப் பதிவுகளுக்கு உரியது. அதை நாங்கள் ஒருநாளும் பயன்படுத்தவில்லை.

பக்கத்து வீட்டில் இயற்பியல் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். பெட்டியைக் கண்டதும் அவர் செய்ய விரும்பிய முதற்செயல், அதன் கம்பியை மின்சாரத்தில் செருகிப் பார்ப்பது. அதை நான் தடுத்தேன். பல ஆண்டுகள் கிடந்த கருவியில் கம்பியின் மேலுறை பொடிந்திருக்கும், எலி கடித்திருக்கும். பழைய பெட்டிகள் சிலவற்றில் உள்ளேயுள்ள இரும்புச் சட்டமே நேராக மின்சாரத்தோடு இணைந்திருப்பதுண்டு. 230 வோல்ட் மின்சாரம் எவருக்கும் இரண்டாம் வாய்ப்பு அளிப்பதில்லை. ஆகவே வானொலிப் பெட்டி பழுதுபார்த்துப் பழகிய மின்பணியாளர் ஒருவரை அழைத்து, கம்பியையும் வறண்டுபோன மின்தேக்கிகளையும் மாற்றச் செய்தோம். நீங்களும் அவ்வாறே செய்க. சுழலும் உறுப்புகளை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மோட்டாரின் அச்சு அசையவில்லை. வழுக்குவதற்காக இட்ட மசகு, ஆண்டுகள் சென்றபின் பிசினாகி அதையே பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் மூன்று மாலைப்பொழுதுகள் துடைத்து, தையல் எந்திர எண்ணெயைத் துளித்துளியாக விட்டபின் அச்சு விரலுக்கு இணங்கிற்று. துளி என்றால் துளியேதான். எண்ணெய் ரப்பரின்மேல் வழிந்தால் அடுத்த வேலை இருமடங்காகும்.

அந்த ரப்பர்தான் எங்களை மிகுதியாகச் சோதித்தது. அதன் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 1,500க்குச் சற்றுக் குறைவான முறை சுழல்வது. சுழல்தட்டோ 33 முறை சுற்றினால் போதும். இடையில் ரப்பர் விளிம்புடைய சிறு சக்கரம் ஒன்று, ஒருபுறம் மோட்டாரின் அச்சையும் மறுபுறம் சுழல்தட்டின் உள்விளிம்பையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மோட்டாரின் அச்சு படிப்படியாகப் பருமன் மாறுவது. எந்தப் படியை ரப்பர் தொடுகிறதோ அதற்கேற்ற வேகம். எங்கள் பெட்டியிலோ இசை தளர்ந்து, இழுத்து இழுத்து வந்தது. அதன் ஊடே 'டப், டப்' என்ற அடியும் கேட்டது.

"ரப்பர் தேய்ந்து சக்கரம் சிறுத்துவிட்டது, சார், அதனால்தான் வேகம் மாறிவிட்டது" என்றார் மாணவர். என் வீட்டுத் திண்ணையில் இன்னும் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் கணக்கைப் போடச் சொன்னேன். அச்சின் ஓரம் ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் நகர்கிறதோ, அவ்வளவு தூரமே ரப்பரின் ஓரமும் நகரும். அவ்வளவே தட்டின் விளிம்பும் நகரும். சக்கரம் பெரிதாயினும் சிறிதாயினும் அதன் அளவு கணக்கில் அடிபட்டுப் போகிறது. போட்டு முடித்ததும் அவர் தாமாகவே சிரித்துவிட்டார். அப்படியாயின் குறை எங்கே? ரப்பர் இறுகிக் கண்ணாடிபோல் வழவழத்து, பிடிப்பை இழந்து வழுக்கியது. அதனால் வேகம் தளர்ந்தது. மேலும், பெட்டியை நிறுத்திவைத்தவர்கள் விசையை விலக்காமல் விட்டிருந்தார்கள். அச்சு ஒரே இடத்தில் பல்லாண்டு அழுத்தி ரப்பரில் பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளமே 'டப், டப்' என்றது. அச்சகங்களின் உருளைகளுக்கு ரப்பர் போடும் தொழிலாளி ஒருவர், சக்கரத்துக்குப் புதிய ரப்பர் இட்டுக் கடைந்து கொடுத்தார். கடிகார வேலைபோல் அவ்வளவு நுட்பமாக இருந்தது அது. கூலியாக அவர் கேட்டது சிறு தொகை. நான் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தேன்.

இனி வேகம் சரிதானா என்று அறிய வேண்டும். இதற்கு வட்டமான அட்டையின் ஓரத்தில் 180 கறுப்புக் கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்தோம். ஏன் 180? நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. நியான் விளக்கு ஒவ்வோர் அலைவிலும் இருமுறை, ஆக விநாடிக்கு 100 முறை ஒளிரும். 33 1/3 வேகத்தில் தட்டு விநாடியில் நூற்றிலொரு பங்கு நேரத்தில் சுற்றும் தூரம், சரியாக ஒரு சுற்றின் 180இல் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கோடு இருந்த இடத்துக்கு அடுத்த கோடு வந்து நிற்கும். சுழலும் அட்டை நிற்பதுபோல் தோன்றும். வேகம் குறைந்தால் கோடுகள் பின்னோக்கி ஊரும். முதல் நாள் இரவு எதுவும் தெரியவில்லை. கணக்கு தவறோ என்று ஒரு மணி நேரம் தலையை உடைத்துக்கொண்டோம். பிறகுதான் கூடத்தில் எரிவது இக்கால எல்.இ.டி. விளக்கு என்பதும், அந்த விளக்கில் நமக்கு வேண்டிய துடிப்பு இல்லை என்பதும் உறைத்தன. அதை அணைத்துவிட்டு, பழைய சுவிட்சுப் பலகையில் மினுக்கிய சிறிய சிவப்பு நியான் விளக்கின் அருகே பெட்டியை நகர்த்தினோம். இருளில் கோடுகள் அசையாமல் நின்றன. நாற்பதாண்டுக் காலம் பாடம் சொன்னவன் நான். அன்று எழுந்து கைதட்டிவிட்டேன்.

இருப்பினும் ஓசை வரவில்லை. முதலில் தளர்ந்த குரலாவது வந்தது. இப்போது அதுவும் மங்கி மறைந்தது. குற்றவாளி, கையின் நுனியில் இருந்த சிறு படிகம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டறிந்தார்கள். முள்ளின் அதிர்வை மின்னாக்கும் வேலையை எங்கள் பெட்டியில் ரோஷல் உப்புப் படிகம் செய்துவந்தது. வேதியியல் ஆய்வகத்தில் ஃபெலிங் கரைசல் தயாரிப்போர் இந்த உப்பை அறிவார்கள். பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட் என்பது அதன் பெயர். ஈரத்தை அது தாங்காது. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் அது இத்தனை நாள் உயிரோடிருந்ததே வியப்பு. அதை எடுத்துவிட்டுப் பீங்கான் வகைப் படிகம் ஒன்றைப் பொருத்தினோம். அதில் முள்கள் இரண்டு: அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்துக்குப் பருத்தது, நெடுநேரத் தட்டுக்கு மெல்லியது. மாற்றிப் போட்டால் தட்டு கெடும். நகைக்கடைத் தராசில் நிறுத்து, முள் தட்டை அழுத்தும் எடை ஐந்து கிராம் ஆகுமாறு கையைச் சரிசெய்தோம்.

மரப்பெட்டிக்கு வார்னிஷ் பூச வேண்டும் என்று மாணவர் மிகவும் விரும்பினார். இயங்குவதற்குத் தேவையானதை மட்டும் மாற்றுவோம், மற்றவை இருந்தபடியே இருக்கட்டும் என்றேன். மூடியின்மேல் வட்டமாக ஒரு வெண்ணிறக் கறை இருந்தது. அதைத் துடைக்கவும் நான் விடவில்லை. என் பிடிவாதம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சென்ற தை மாதம் பெட்டியைக் காரில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுசென்றோம். அம்மையாரின் வீட்டிலிருந்து வந்த வீணைத் தட்டு ஒன்றைப் போட்டேன். அவர் பாட்டைக் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். மூடியின்மேல் இருந்த வட்டக் கறையையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இது அவர் காபி டவராவை வைத்த இடம். வைக்காதீர்கள் என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன், தெரியுமா தம்பி?" என்றார். மாணவர் என்னை ஒருமுறை பார்த்தார். வார்னிஷ் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தேன். வைக்க இடமில்லை என்று கூறி, மாதம் ஒருமுறை தொலைபேசியில் அந்த வீணையை ஒலிக்கச் செய்தால் போதும் என்றார். அவ்வாறே செய்து வருகிறேன்.

ஊர் திரும்பியதும், ஓய்வு பெற்று வேறோர் ஊரில் வாழும் அந்த இயற்பியல் ஆசிரியருக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன்; பதினேழாவது வரியைப் பற்றியும் எழுதினேன். பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. குறைகூறும் சொல் ஒன்றும் அதில் இல்லை. நம் பள்ளிப் பெட்டியிலும் ரப்பர் சக்கரந்தான் பழுதாகியிருந்ததா என்று மட்டும் கேட்டிருந்தார். மூடியைத் திறந்து பாராமலே கையொப்பமிட்டவன் நான். அந்த அஞ்சலட்டைக்கு இன்னும் விடை எழுதவில்லை.