கோயில்காட்டுக்கு யார் சாட்சி?



கொல்லிமலையில் ஊராட்சிக்குப் பெயரே 'நாடு'தான். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். எந்த நாட்டுக்குப் போனாலும் வயலும் வாழைத்தோப்பும் தாண்டி ஓரிடத்தில் மட்டும் மரங்கள் அடர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் கோயில்காடு. கோபுரம் கிடையாது; உள்ளே ஒரு கல், நட்டுவைத்த வேல், மரத்தில் கட்டிய மணி, அவ்வளவுதான். மலையாளிப் பழங்குடி மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதற்குள் கால் வைப்பார்கள். அடுப்புக்கு ஒரு சுள்ளிகூட அங்கே ஒடிக்க மாட்டார்கள்.

இந்தச் சாமிக்குச் சட்டத்தில் என்ன காவல் இருக்கிறது? அதைத்தான் இன்று பேச வந்தேன்.

அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு வழிபாட்டுச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. கோபுரம் வேண்டும், வேதநூல் வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. இருந்தும் நடைமுறையில் எளிய சாமிகள்தான் முதலில் அடிபடுகின்றன. 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி, 2003இல் தமிழகம் முழுக்கக் கிடா வெட்டுக்குத் தடை போட்டார்கள். குலதெய்வம் கும்பிடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். மறு ஆண்டே அந்தச் சட்டம் ரத்தானது. வெளிநாடுகளிலும் இந்தக் கதைதான். இயற்கையை வணங்கும் அமெரிக்க விக்கா மார்க்கத்தார், இறந்துபோன தங்கள் படைவீரர்களின் கல்லறையில் ஐந்துமுனை நட்சத்திரச் சின்னத்தைப் பொறிக்க, 2007 வரை அரசோடு வழக்காட வேண்டியிருந்தது.

கோயில்காட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சாமியே மரத்திலும் மண்ணிலும் இருக்கும்போது, நிலம் கைமாறினால் கும்பிட எதுவும் மிஞ்சாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையில் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆலையைக் கையில் வைத்திருந்த வேதாந்தா குழுமத்தின் இன்னோர் ஆலைக்காக ஒடிசாவின் நியமகிரியைத் தோண்டத் திட்டம் வந்தது. அங்கே டோங்ரியா கோந்த் மக்களுக்கு மலைதான் தெய்வம். நியம ராஜா என்பார்கள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபையே கூடி முடிவு செய்யட்டும் என்றது. 12 ஊர்களில் சபை கூடியது. 12 ஊரும் 'வேண்டாம்' என்றன. சுரங்கம் வரவில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பலம் கொடுத்தது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் 2016 வரை உரிமைப் பத்திரம் வழங்குவது தடைபட்டிருந்தது. அதனாலோ என்னவோ, நம் மலைகளில் இந்தச் சட்டம் பலர் காதுக்கே இன்னும் எட்டவில்லை. வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் தனியாள் உரிமை கேட்பதைப் போலவே, ஊர் காத்துவந்த காட்டுக்கு ஊரே சேர்ந்து உரிமை கேட்கலாம். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடம் வனமா, புறம்போக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வனம் என்றால், கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்து மனுவை வாங்க வேண்டும்.

'எங்களிடம் ஏது பத்திரம்?' என்று தயங்க வேண்டியதில்லை. என்னென்ன ஆதாரம் செல்லும் என்று விதி 13 ஒரு பட்டியல் தருகிறது. பழைய கிணறு, இடுகாடு, புனித இடம் எல்லாம் அதில் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரமே. அந்தக் கல்லும் வேலும், எண்பது வயதுப் பாட்டி 'எங்க பாட்டன் காலத்திலிருந்து இங்கதான் பொங்கல் வைக்கிறோம்' என்று சொல்லும் வாக்கும் சேர்ந்தால் இரண்டு ஆதாரம் ஆயிற்று. இந்த ஏற்பாட்டை நான் மனதார வணங்குகிறேன். அந்தப் பாட்டி இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

பழங்குடியினர் புனிதமாகக் கருதும் பொருளை மற்றவர்கள் சேதப்படுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு அது தனிக் குற்றம். வன உரிமை மனு மீது கிராம சபை எடுத்த தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவானாலும், வழக்கறிஞர் உதவி இலவசம். நாமக்கல்லில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். மலையிலிருந்தே பேச வேண்டுமானால் 15100 என்ற எண்ணை அழையுங்கள்.