மலைவீட்டுக் கதவும் திண்டுக்கல் பூட்டும்

(பழனி மலைக் கிராம மக்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைக் கிராமங்களில் ஓராண்டு உழைப்பின் பயன் ஓர் அறைக்குள் அடங்கிவிடுகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்தில் அது காப்பிக்கொட்டை; பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதியில் அது மலைப்பூண்டு. அறுவடை முடிந்து, நல்ல விலை வரும்வரை அப்பொருளைக் காத்து நிற்பது அறைக் கதவில் தொங்கும் ஒரு பூட்டே. அந்தப் பூட்டைப் பற்றியும், அதைத் தம் கையால் செய்யும் தொழிலாளரைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

உலோகக் கைவினை என்றால் சுவாமிமலையின் வெண்கலச் சிலைகளும் நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை நாட்டுக்குப் பெருமை தருபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றுக்குச் சிறிதும் தாழாத கைத்திறன் ஒன்று இம்மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. 1985ஆம் ஆண்டு மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திண்டுக்கல்லில், கொடைக்கானலும் பழனியும் எவ்வாறு அங்கமோ, அவ்வாறே பூட்டுத் தொழிலும் ஓர் அங்கம். அது நம் வீட்டுத் தொழில்.

இத்தொழிலின் நுட்பம் என்ன? பூட்டின் வயிற்றுக்குள் மெல்லிய தகடுகள் சில, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றையே லீவர் என்கிறோம். ஒவ்வொரு லீவரையும் ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டுவாய் உண்டு. சாவியின் பற்கள் எல்லா லீவர்களையும் அவ்வவற்றுக்கு உரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் அமையும், தாழும் நகரும். ஒன்று மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டுத் திறவாது. கைவினைஞர் அரத்தை வைத்து இராவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் இராவி, சாவியையும் லீவரையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்கிறார். அச்சில் வார்த்த ஒரே அளவு அங்கே இல்லை. ஆகையால் ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டுக்குப் பொருந்துவது அரிது.

பாதுகாப்போடு அழகும் கற்பனையும் இத்தொழிலில் கலந்திருக்கின்றன. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு புகழ் பெற்றது. சாவியைத் திருப்பும்போது மணியொலி எழுப்பும் பூட்டு உண்டு. பொருந்தாத சாவியை நுழைத்தால் அதை விடாமல் பற்றிக்கொள்ளும் பூட்டும் உண்டு. கோயில்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் பெரும் பூட்டுகள் இங்கிருந்து சென்றிருக்கின்றன. இவற்றையெல்லாம் உருவாக்கியவர்கள் பட்டறையிலேயே தொழில் கற்றவர்கள்.

பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விண்ணப்பத்தின்மேல், 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பழனிப் பஞ்சாமிர்தமும் அதே ஆண்டில் அச்சிறப்பைப் பெற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டும் அக்குறியீடு பெற்றதே. வேற்றூர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லி விற்றால் உங்களுக்கு எவ்வளவு நட்டம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே துன்பம் பூட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. வட நாட்டில் அலிகார் நகரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிகின்றன. பட்டறைகள் குறைந்துவிட்டன, தந்தையின் அரத்தை மகன் எடுப்பதில்லை. குறியீடு பெயரைக் காக்கும். கையைக் காப்பது கொள்முதல் ஒன்றே.

இரக்கத்தினால் வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தேவையறிந்து வாங்குங்கள் என்றே கேட்கிறேன். ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலில் பனியும் மூடுபனியும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. ஆகவே பூட்டு வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளே எத்தனை லீவர்? அவை பித்தளையா, இரும்பா? பழுதுபட்டால் பிரித்துச் செப்பனிட முடியுமா? லீவர் மிகுந்தால் கள்ளச் சாவிக்கு இடம் குறையும். பித்தளை, இரும்பைப்போல் துருவேறாது. கையால் செய்த பூட்டைச் செய்தவரே பிரித்து, வில்லை மாற்றி, புதுச் சாவி இராவித் தருவார். மலிவான பூட்டோ, சாவி தொலைந்த அன்றே குப்பைக்குப் போகிறது.

மற்றொரு செய்தி. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. சமவெளியில் அது ஓரளவு பயன் தரலாம். ஆனால் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். மலைக் குளிரில் அது உள்ளே கட்டிப்பட்டு, தூசியைச் சேர்த்து, லீவர்களை ஒட்டவைத்துவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி, அல்லது பென்சில் கரியின் தூள் சிறிது போதும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் இவ்வாறு செய்யுங்கள்.

ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சி அலுவலகம், நூலகம், பள்ளிக்கூடம், நீரேற்று அறை என ஒவ்வோர் ஊரிலும் பொதுப் பூட்டுகள் பல. அவற்றை மாற்ற நேரும்போது, விதிகளுக்கு உட்பட்டு, திண்டுக்கல் தொழிலாளரிடம் விலைப்புள்ளி கேளுங்கள். சில ஊர்கள் சேர்ந்து கேட்டால் ஒரு பட்டறைக்குப் பல நாள் வேலை கிடைக்கும். வேலை நிலையாகக் கிடைத்தால்தான் இளைஞன் பட்டறைக்கு வருவான். உலோகப் பொருள்கள் செய்வோர் உள்ளிட்ட கைவினைஞருக்குக் கடனுதவியும் மானியமும் அளிப்பதற்காக, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்தகைய உதவிகளைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து, உங்கள் ஊர்க் கொல்லருக்கும் தெரிவியுங்கள்.

அன்பர்களே! கொல்லன் கொழுவடித்துத் தந்தான். உழவன் நெல்லளந்து கொடுத்தான். இருவரும் வாழ்ந்தனர். அந்த உறவு முழுவதும் திரும்பி வராது. எனினும், மலையில் விளைந்ததை மலையடிவாரத்துப் பூட்டுக் காக்கட்டும். பூட்டுச் செய்தவர் வீட்டு அடுப்பை உங்கள் காசு எரியவைக்கட்டும். அடுத்த முறை கடையில் பூட்டைக் கையில் எடுக்கும்போது, அது எங்கே யார் கையால் ஆனது என்று ஒருமுறை கேளுங்கள்.