முகமூடியும் நீதியும்

(வலிகாமத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மொட்டைக் கடிதம் யாழ்ப்பாணத்தார் அறியாத ஒன்றன்று. திருமணப் பேச்சு நிறைவேறும் தறுவாயில் மணமகன் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். ஆசிரியர் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வேளையில் திணைக்களத்துக்கு ஒரு பெட்டிசம் போகும். கையொப்பம் இராது, நஞ்சு மட்டும் இருக்கும். ஆயினும், விவேகமுள்ளோர் அதனை அடுப்பில் இட்டனர். தீங்கு அவ்வளவில் நின்றது.

இன்று அக்கடிதம் முகநூலில் எழுதப்படுகின்றது. பொய்ப் பெயரில் ஒரு கணக்கு. அதன்பின் பதுங்கியிருப்பவன் எவனென்று தெரியாது. பாடசாலை மாணவி ஒருத்தியின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் பரப்புகின்றான். விடியுமுன் அப்படம் கரவெட்டிக்கு மட்டுமன்று, ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேருகின்றது. அப்பெண் படிப்பை நிறுத்துகின்றாள். தந்தை சந்தைக்குப் போகக் கூசுகின்றார். குற்றவாளியோ கோயில் வீதியில் நிமிர்ந்து நடக்கின்றான். இது நீதியா என்று கேட்கின்றோம்.

சட்டம் என்ன செய்தது?

இத்தகைய கொடுமையிலிருந்து பெண்களையும் பிள்ளைகளையும் காக்கவே என்று கூறி, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். 2024ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பாராளுமன்றத்தில் 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு அது நிறைவேறியது. சட்டமூலத்தின் 30க்கு மேற்பட்ட வாசகங்கள் திருத்தப்படல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் முன்னரே தீர்மானித்திருந்தது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் பொறுப்பை, ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அச்சட்டம் அளித்தது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், பெண்ணின் மானத்தைக் காக்க வந்த வேலி, பத்திரிகையாளனின் வாயை அடைக்கும் வேலியாகலாம் என்று பலரும் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

எவரும் உண்மைப் பெயரின்றி எழுதலாகாது என்று சட்டம் செய்தால் என்ன என்று கேட்போர் உளர். தென் கொரியா 2007இல் அதைச் செய்து பார்த்தது. பெரிய தளங்களிற் கருத்தெழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்தல் வேண்டும் என்றது. 2012இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. பேச்சுரிமை சுருங்கியதேயன்றி, எதிர்பார்த்த அளவுக்குத் தீங்கு குறையவில்லை.

நாம் கண்ட முகமூடிகள்

நமக்குக் கொரியாவின் பாடமும் வேண்டியதில்லை. 1980களிலும் 1990களிலும் சுற்றிவளைப்புக்களின்போது ஆண்கள் வரிசையாக நிறுத்தப்பட்டதை முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள். முகத்தை மூடிய ஒருவன் இருந்தபடியே தலையை ஆட்டுவான். அவன் எவன், ஏன் ஆட்டினான் என்று கேட்க இடமில்லை. 'தலையாட்டி' என்று அவனுக்குப் பெயரிட்டோம். பொய்க்கணக்குக்காரன் இன்று செய்வதும் அவ்வேலையே.

ஆனால் அதே மண்ணில், பெயரை மறைத்ததனால் உயிர் தப்பி உண்மையை உரைத்தோரும் உளர். தன் பெயரோடு செய்தி சொன்ன பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன், 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் இரவு, ஊரடங்கு வேளையில், தமது இல்லத்திலேயே கொல்லப்பட்டார். இன்றும் மணற் கொள்ளையையோ கையூட்டையோ வெளிப்படுத்தும் ஏழைக் கமக்காரனுக்குப் பெயர் மறைப்பு ஒரு கவசம். அக்கவசத்தை அரசிடம் ஒப்படைக்க நாம் ஆயத்தமாயில்லை.

ஆகவே நமது நிலை இதுவே: பெயரை மறைப்பது குற்றமன்று, அதன் மறைவிற் செய்யப்படும் கொடுமையே குற்றம். முகமூடியைக் கழற்றும் அதிகாரம் அமைச்சருக்கோ ஆணைக்குழுவுக்கோ அன்று, நீதிமன்றத்துக்கே இருத்தல் வேண்டும். பாதிக்கப்பட்டவர் முறையிட்டு, குற்றம் நிகழ்ந்தமைக்கு முதற்றோற்றச் சான்று இருப்பதாக நீதிபதி திருப்தியுற்ற பின்னரே அது நிகழ்தல் வேண்டும்.

பரப்புவோர் எவர்?

எழுதியவனுக்குப் பெயரில்லை. அதை வட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு அனுப்பியவருக்குப் பெயரில்லையா? அவர் நம் அயலவர், நம் உறவினர், சில வேளை உத்தியோகத்தர். இந்நாட்டில் 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டது. ஆயினும் உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் மானநட்ட வழக்கு இன்னும் உண்டு. பிறன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன் என்பது அங்கே விடையாகாது. பரப்புவதும் வெளியிடுவதே. பாலியல் தொந்தரவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவும் இருக்கின்றது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பதிவு வந்தால் பதற்றத்தில் அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயரும் முகவரியும் திகதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். பொலிசில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைப் பெறுங்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கங்கள் உண்டு. மிரட்டுபவனுக்குப் பணம் கொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், 'நீ ஏன் படம் எடுத்தாய்?' என்று பிள்ளையை வையாதீர்கள். அவ்வொரு கேள்வியினால் குற்றவாளி தப்புகின்றான்.

வாசிகசாலை தோறும், கமக்காரர் அமைப்புத் தோறும் இதனைப் பேசுங்கள். பிறர் வீட்டுப் பிள்ளையின் மானம் நம் கைத்தொலைபேசிக்கு வந்தால், அது நம்மோடு நிற்கட்டும். நம் முன்னோர் மொட்டைக் கடிதத்தை அடுப்பில் இட்டனர். நாம் அதனை அடுத்த வீட்டுக்கு அனுப்பாதிருப்போமாக.