வாகனத்துக்கு அடியில் கேட்கும் சத்தம்

(பாடசாலை வேன் சாரதிகளுக்கும் பெற்றோருக்கும் தோட்டத்து மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நலன்புரி உத்தியோகத்தர் வந்தால் மலசலகூடம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளைக் காம்பரா என்றுதான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீங்க. இன்றைக்கு நாங்கள் பேசப்போவது வேனுக்கு அடியில் வருகிற சத்தத்தைப் பற்றி. "இதுல நமக்கு என்ன வேலை, அது டிரைவரும் கராஜ் பாஸும் பாக்க வேண்டியது" என்று பின்னால் ஒரு அம்மா சொல்வது காதில் விழுகிறது. இருங்கம்மா, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வந்திருக்கிறோம்.

நம்ம பாதையின் சங்கதி உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டவுன் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால் மேல் டிவிசன் லயம் வரைக்கும் கல்லும் குழியும்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டுப் பாதைகள் பட்ட பாட்டையும் பார்த்தோம். வாகனங்களும் பழசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்து விட்டார்கள். திறந்த பிறகும் அந்த விலைக்கு நம்ம ஆட்களால் வாங்க முடியவில்லை. இருக்கிறதைத் தட்டி ஒட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

சில வருசத்துக்கு முன்னால் நாங்கள் வேலை பார்த்த இன்னொரு தோட்டத்தில் ஒரு பாடசாலை வேன். பின்னேரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் மெதுவாக வந்தது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்த நேரம் முன்பக்கம் 'டமார்' என்று கீழே குந்தியது. இடது முன் சில்லு வெளிப்பக்கமாகச் சாய்ந்து மட்கார்டில் மாட்டிக்கொண்டது. போல் ஜொயின்ட் கழன்றுவிட்டது. ஏற்றமாக இருந்தது, வேகம் இல்லை, அதனால் ஒரு பிள்ளைக்கு நெற்றியில் வீக்கத்தோடு போனது. அதே இடத்தில் காலையில் இறக்கத்தில் வரும்போது நடந்திருந்தால் கீழே ஆறு.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு பெரிய பிள்ளை சொன்னது: "சேர், ரெண்டு கிழமையா டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு. நாங்க அதுக்குத் தாளம் போட்டுப் பாடிக்கிட்டுத்தான் வந்தோம்." வீட்டிலும் சொல்லவில்லை, டிரைவரிடமும் சொல்லவில்லை. டிரைவருக்குக் கேட்கவே இல்லையாம். அது பொய்யாகவும் இருக்காது. டொல்பின் வேனில் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு வேறு. டிரைவர் இருப்பது வலது பக்கம். இடது பக்கத்துச் சத்தமும் பின் அச்சின் சத்தமும் அவருக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். முதலில் கேட்பது சீட்டில் உட்கார்ந்திருக்கிற நீங்களும் பிள்ளைகளும்தான்.

சத்தம் கேட்டு நோய் அறிவது நமக்குப் புதுசும் இல்லை. ஸ்டோரில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். கொழுந்து வாட்டும் காற்றாடியில் பெயாரிங் போகிறது என்றால் ஃபிட்டர் என்ன செய்கிறார்? ஸ்குரூ டிரைவரின் முனையைப் பெயாரிங் பெட்டியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். காதுதான் அங்கே டொக்டர். வாகனத்துக்கும் அதே காது போதும். ஆனால் "சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் பிரயோசனம் இல்லை. எப்போது வருகிறது என்று சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு கதை சொல்கிறோம். ஒரு தம்பியின் வேனில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். கராஜில் "முன்னுக்குச் சத்தம்" என்றார். இரண்டு ஷொக் அப்சோபரையும் மாற்றினார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. அந்த வேனில் போகிற ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னது: "மாமா, பள்ளிக்கூடத்துக்கு முன்னால இருக்கிற மேட்டுல ரெண்டு சில்லும் ஒண்ணா ஏறும்போது சத்தம் இல்ல. ஒரு சில்லு மட்டும் குழியில விழுந்தாத்தான் வருது." பாஸ் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். இரண்டு முன் சில்லுகளையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கம்பி போகிறது, ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை. ஒன்று மேலே ஒன்று கீழே போனால்தான் அது முறுகும். அதன் முனையில் இருந்த சின்ன ரப்பர்கள் தேய்ந்து போயிருந்தன. ஷொக் அப்சோபர் விலையில் ஒரு மூலைகூட வராத சாமான். அந்தப் பிள்ளை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதத்து லீசிங் காசு மிஞ்சியிருக்கும்.

அதனால் சத்தம் கேட்டால் கவனியுங்கள்: குழியிலா, வளைவிலா, பிரேக் பிடிக்கும்போதா, வேகம் கூடினால் கூடுகிறதா, நின்று புறப்படும் நேரத்திலா? இதுதான் பாஸுக்கு வேண்டியது. பாதி வேலை அதிலேயே முடியும்.

பிரேக் பிடிக்கும்போது ஒரு தடவை 'டொக்', மறுபடி புறப்படும்போது ஒரு தடவை 'டொக்' என்றால், சில்லைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர் புஷ் தேய்ந்து கை முன்னும் பின்னும் நகர்கிறது என்று சந்தேகப்படலாம். முதல் கியரிலிருந்து ரிவேர்சுக்கு மாற்றி கிளச்சை விடும்போது நடு வயிற்றில் 'டங்' என்று இரும்பு அடித்தால் புரொப்பலர் ஷாஃப்டின் சிலுவை மூட்டைப் பார்க்க வேண்டும். டொல்பின், டிமோ பட்டா, லொறி எல்லாவற்றிலும் இந்த மூட்டு உண்டு. அது கெடுவதற்கு முன்னால் மெதுவாகப் போகையில் குருவி மாதிரி 'கீச் கீச்' என்று கத்தும். கிரீஸ் கேட்டு அழுகிற சத்தம் அது. அப்போதே பார்த்தால் சில வேளை கிரீஸோடு போகும்.

மாருதி, ஆல்டோ கார்களில் முன் சில்லுதான் இழுக்கிறது. வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் புறப்படும்போது 'டிக் டிக் டிக்' என்று எண்ணுகிற மாதிரி கேட்டால் அது சி.வி. ஜொயின்ட். அதைச் சுற்றி ஒரு ரப்பர் உறை இருக்கும். கல் பட்டு அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், சேறு உள்ளே போகும். உறை கிழிந்த உடனே கண்டால் உறையை மாற்றிக் கிரீஸ் அடிக்கலாம். 'டிக் டிக்' வந்த பிறகு மூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

'ஊ...' என்று தேனீக் கூடு மாதிரி ஓர் இரைச்சல், வேகம் கூடினால் கூடுகிறது என்றால் சில்லுப் பெயாரிங். ஆற்றைக் கடக்கிற வண்டிகளில் இது கூடுதல், சூடான ஹப் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே தண்ணீர் போகும். எந்தப் பக்கம் என்று நம்ம மலை ரோட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வலதுக்குத் திரும்பும்போது பாரம் இடது சில்லில் விழும். அப்போது இரைச்சல் கூடினால் இடது பக்கத்துப் பெயாரிங் என்று பெரும்பாலும் நம்பலாம். வளைவில் மாறாமல், தார் ரோட்டில் ஒரு மாதிரி, கொங்கிரீட் ரோட்டில் ஒரு மாதிரி கேட்டால் டயர் கோணலாகத் தேய்ந்திருக்கும்.

பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் ஒரு பட்டை உடைந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நடு போல்ட் உடைந்தால் அச்சு இடம் மாறி, வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போவதைப் பின்னால் வருகிறவர் காண்பார். அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது.

பயப்பட வேண்டாத சத்தமும் உண்டு. 'கரகர' என்று காது கூசுகிற மாதிரி இரும்பு உரசினால் பிரேக் தட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். கொஞ்ச தூரம் பின்னுக்கு எடுத்தால் சில வேளை தானாக விழும். ஒருவர் மூன்று நாள் கராஜில் தேடிய சத்தம், கடைசியில் சீட்டுக்கு அடியில் கட்டாமல் கிடந்த ஜெக். ஆகவே முதலில் ஜெக்கையும் ஸ்பெயார் சில்லையும் ஆட்டிப் பாருங்கள். சில்லு மாற்றியிருந்தால் நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இன்னொரு தரம் இறுக்குங்கள். தளர்ந்த நட்டின் சத்தத்தை ஷொக் அப்சோபர் என்று நினைத்து ஓடுவது மிக ஆபத்து.

சத்தத்தின் பக்கம் தெரியாவிட்டால் கருங்கல் கட்டு ஓரமாகக் கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, மெதுவாக ஓட்டுங்கள். கல் சத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

இனி அந்த போல் ஜொயின்ட். நம்ம தோள் மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. தேய்ந்தால் குழியில் 'டொக்' என்கும், ஸ்டியரிங் அலையும், டயர் ஓரமாகத் தேயும். தட்டையான இடத்தில் மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, முன் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் மூட்டு. இடதும் வலதும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் டை ரொட் பக்கம் பாருங்கள். ஒன்று கவனம்: ஜெக்கை எங்கே கொடுத்தால் மூட்டின் பாரம் இறங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். தவறான இடத்தில் தூக்கினால் தேய்ந்த மூட்டும் இறுக்கமாகத்தான் தெரியும். ஆகவே சத்தம் இருந்து, ஆட்டம் தெரியாவிட்டால், நல்லது என்று முடிவு கட்டாமல் பாஸிடம் காட்டுங்கள். ஜெக்கில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம், ஒரு நிமிசம்கூட.

டிரைவர் தம்பிமாரே, ஒரு நாள் வேன் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும், லீசிங்காரன் கேட்க மாட்டான், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் பெற்றோரிடம் கேட்கிறோம். சத்தம் என்று சொல்லி வேனைக் கராஜில் விட்டால் அந்த இரண்டு நாள் காசை மாதக் கட்டணத்தில் பிடிக்காதீங்க. பிடித்தால் அடுத்த தடவை அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். நீங்களும், அம்மா ஒருவர் வந்து சத்தம் என்று சொன்னால் "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்காதீங்க. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டோருக்குப் பக்கத்துத் தட்டையில் வாகனங்களைக் கொண்டு வாங்க. டவுனிலிருந்து ஒரு பாஸ் வருகிறார், ஸ்டோர் ஃபிட்டரும் இருப்பார். பார்ப்பதற்குக் காசு இல்லை, சாமான் உங்கள் செலவு. வண்டியைக் கழுவிக்கொண்டு வாங்க, சேறு அப்பியிருந்தால் கிழிந்த ரப்பரும் தெரியாது, ஒழுகுகிற ஓயிலும் தெரியாது. தினமும் பின் சீட்டில் போகிற பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு வாங்க, சத்தம் எப்போது வருகிறது என்று பாஸ் அதனிடம்தான் முதலில் கேட்பார்.