தட்டில் வளர்ந்தது எது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான மாவட்டப் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திசு வளர்ப்பை நடத்தும்போது நாம் பெரும்பாலும் வாழைக்கன்றில் தொடங்குகிறோம். சிறு துண்டிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகள் என்றதும் பிள்ளைகளின் கண்கள் விரியும். விலங்குச் செல்லுக்கு வரும்போது நேரம் இருக்காது. இரண்டு வரியில் முடித்துவிடுவோம். எந்தச் செல்லையும் ஊடகத்தில் போட்டால் வளர்ந்துவிடும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. அதை அசைத்துப் பார்க்கக் கடற்பஞ்சை எடுத்துக்கொள்கிறேன்.

துளையுடலிகள் என்று ஒரே வரியில் கடந்துபோகிற அதே கடற்பஞ்சுதான். 1907-இல் அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் எச்.வி. வில்சன் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சை மாவு சலிக்கும் பட்டுத்துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். துணியின் வழியே தனித்தனிச் செல்களாக வெளிவந்தன. அவை ஊர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, சிறு கட்டிகளாகி, நாளடைவில் மீண்டும் கடற்பஞ்சாகவே உருவெடுத்தன! சல்லடையில் அரித்தாலும் பிழைக்கிற செல்லை ஆய்வுக்கூடத்தில் பெருக்குவது எளிது என்றுதானே தோன்றும்?

நடந்தது வேறு. அதே 1907-இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே வளரவைத்தார். 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலேயே எடுத்த செல்கள் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. 1962-இல் அந்துப்பூச்சியின் செல்களும் வசப்பட்டன. கடற்பஞ்சோ பிடிகொடுக்கவில்லை. இடைவிடாமல் பெருகும் கடற்பஞ்சுச் செல் வரிசை கிடைத்ததாக அறிவியல் இதழில் கட்டுரை வெளிவந்தது 2023-இல்தான்.

இதற்கு ஏன் இத்தனை பாடு என்று மாணவர் கேட்பர், கேட்கவேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் எரிபுலின் என்ற மருந்தின் மூலம் ஹாலிகான்ட்ரின் என்ற கடற்பஞ்சுப் பொருள். நியூசிலாந்துக் கடலில் ஒரு டன் கடற்பஞ்சை அள்ளியபோது கிடைத்த ஹாலிகான்ட்ரின்-பி சுமார் 300 மில்லிகிராம். ஒரு கரண்டிக்குக்கூடக் காணாது. வேதியியலாளர்கள் அதைப் போன்ற மூலக்கூற்றைச் செயற்கையாகச் செய்து வழி கண்டார்கள். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி வாய்க்காது. கடலை வழித்தெடுக்காமல் மருந்து வேண்டுமென்றால் செல்லை வளர்க்கத் தெரியவேண்டும்.

தடை எங்கே? முதலாவது, உணவு. பாலூட்டிச் செல்லுக்குக் கன்றின் இரத்தச் சீரம் ஊற்றிப் பழகிவிட்டோம். இரத்தமே இல்லாத கடற்பஞ்சின் செல்லுக்கு எதை ஊற்றுவது? அடுத்தது, கூட்டாளிகள். சில கடற்பஞ்சுகளின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாக்டீரியா. அவற்றை முழுக்க நீக்கச் செல்லும் நோகும்.

இவற்றையும்விட எனக்குச் சுவையாகப் படுவது மூன்றாவது. பல ஆய்வுக்கூடங்களில் தட்டில் உருண்டையான செல்கள் செழித்துப் பெருகின. மகிழ்ந்துபோனார்கள். டி.என்.ஏ.-வைச் சோதித்தால் அது கடற்பஞ்சே அல்ல! திராஸ்டோகைட்ரிட் எனப்படும், பூஞ்சை போன்ற ஒருசெல் உயிரி. கடலில் எங்கும் இருப்பது; விலங்கின் மேல் ஒட்டி வந்து, விலங்குச் செல்லுக்காக வைத்த விருந்தைத் தின்று பெருகியிருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் விலங்குச் செல் போலவே தெரியும். அதனால்தான் இந்தத் துறையில் ‘வளர்ந்தது’ என்று சொன்னால் மட்டும் ஏற்பதில்லை. வளர்ந்தது எது என்று மரபணுச் சான்றோடு காட்டச் சொல்கிறார்கள்.

பவளத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இளம்பருவத்திலிருந்து தொடங்கினார்கள். அக்ரோபோரா பவளத்தின் முட்டையில் பாசி இருப்பதில்லை. பின்னரே கடலிலிருந்து பாசியைச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பருவத்து லார்வாவின் செல்களைப் பிரித்து வளர்த்து 2021-இல் செல் வரிசைகளை வெளியிட்டார்கள். பாசித் தொல்லை வருவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதை வகுப்பில் எப்படிக் காட்டுவது? கடற்பஞ்சு வேண்டாம்; அதைப் பிள்ளைகள் கடலிலிருந்து எடுத்துவரவும் வேண்டாம். ஓர் உருளைக்கிழங்கு போதும். ஒரு துண்டை வேகவைத்தும் ஒரு துண்டைப் பச்சையாகவும் தனித்தனி ஒளிபுகும் டப்பாவில் போட்டு மூடி, ஒரு வாரம் வையுங்கள். எதிலாவது புதிதாகப் படர்ந்தால் “கிழங்கு வளர்ந்துவிட்டதா?” என்று கேளுங்கள். வெந்த துண்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள்; வெந்தது எப்படி வளரும், பூஞ்சை என்பார்கள். பச்சைத் துண்டைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். அங்கே விடையைச் சொல்லிவிடாதீர்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட ‘கொஞ்சம் எடுத்து ரொட்டித் துண்டில் வைத்துப் பார்க்கலாம்’ என்று எழுதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை: டப்பாவைத் திறக்கவிடாதீர்கள், முகரவிடாதீர்கள். வாரம் முடிந்ததும் நீங்களே பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊறவைத்து, பள்ளி வளாகத்துக்கு வெளியே புதைத்துவிடுங்கள். எஞ்சிய நேரத்தில் உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.